மூன்றாம் தெருவின் ரஃப் நோட்டு

அருப்புக்கோட்டை
9.6.2025

அன்புள்ள வெங்கடலட்சுமிக்கு,

பல வருஷங்களுக்கு முன் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தறிக்குப் போகிற வழியில் நீ என் வாசலில் நின்று, "டீச்சர், தப்பும் தவறுமா எழுதுன தாளையெல்லாம் கடைசியில என்ன செய்வீக?" என்றாய். "எழுதின பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். தப்பும் அவன் சொத்துதானே" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போனாய். நான்கு மாதமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நீ போனை எடுப்பதில்லை. போன வாரம் மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறி வந்தேன். உன் தங்கை கதவைப் பாதி திறந்து, "அக்கா தூங்குறாக" என்றாள். காலை பதினொரு மணி. உள்ளே நீ அரிசி புடைக்கிற சத்தம் கேட்டது. அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஒரு டிக்கெட் தூரத்தில் இருக்கிறவளுக்குத் தபால் எழுதுகிறேன் என்று தபால்காரர்கூடச் சிரிப்பார்.

பிப்ரவரியில் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். நம் மூன்றாம் தெருச் சங்கத்துக்கு உதவி தர அந்த அறக்கட்டளை முன்வந்தபோது, மூன்று வருஷம் சங்கம் நடந்ததற்கான பதிவைக் காட்டச் சொன்னார்கள். நம்மிடம் இருந்தது ஒரு நோட்டு. வீடு வீடாகப் போகும் நோட்டு. "கூட்டத்துக்கு ஆளு வராட்டி, கூட்டம் ஆளுகிட்ட போகட்டும்" என்று நீ ஆரம்பித்த பழக்கம் அது. தறியை நிறுத்தாமல், அடுப்பை அணைக்காமல், ஒவ்வொரு வீடும் தன் கையால் ஒரு வரி எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்பும். அதில் மஞ்சள் கறை, பால் கணக்கு, கோலப் புள்ளி, தமிழ் எழுத்தில் தெலுங்கு, தவசி வீட்டுக்கும் ராஜ்கமல் வீட்டுக்கும் நடந்த சண்டை எல்லாம் இருந்தன. வெளியூரிலிருந்து வருகிறவரிடம் அதைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து புது நோட்டில் முத்து முத்தாக எழுதினேன். "இன்னார் முன்மொழிய, இன்னார் வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது." பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டைப் பார்த்து ஃபேர் நோட்டு எழுதச் சொல்வோமே, அப்படித்தான் நினைத்தேன். இரண்டே நாளில் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன்.

உன் வீட்டுக்காரர் லிங்கம் தம்பிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்ததால், அவர் எழுதியிருந்த மாதங்களின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். நீதான் அவர் கையைப் பிடித்து முப்பத்தோரு இடத்தில் வைத்தாய். மை போகத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தாய்.

அந்த விரல்தான் நம்மைக் காட்டிக்கொடுத்தது. அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வந்த சங்கர், நம் விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்குப் போன ஆகஸ்ட்லதானே கை விழுந்துச்சு? 2022லயே ஏன் கைநாட்டு?" என்றார். பிறகு, "இதை எழுதினது யாரு?" என்றார்.

நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "தலைவி நாந்தான் சார். நான் சொல்லித்தான் எழுதுனது" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ தெருவுக்குத் திரும்பி வா. மற்றதை நேரில் பேசலாம்.

உன்
ராஜாத்தி டீச்சர்


மல்லாங்கிணறு
18.6.2025

டீச்சருக்கு,

உங்க கடுதாசி வந்துச்சு. அரிசி புடைச்சது நாந்தான்.

வான்னு எழுதிருக்கீக. எங்க வர? போலிப் பதிவு, அஞ்சு வருசம் தடைன்னு அறக்கட்டளை ஆபீஸ்ல இருந்து தபால் வந்த மறுநாளே குழாயடில என் குடத்தை எடுத்து ஒதுக்கி வச்சாக. "பணத்தை முழுங்கப் பாத்தவ"ன்னு தவசி பொண்டாட்டி என் காதுபடச் சொல்லுச்சு. பதினோரு பேருக்குக் காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி குடுக்கத்தானே அந்த உதவிய கேட்டோம்? காலியாக் கிடக்கிற தறிக் கொட்டகையில கம்பி பிடிச்சு நடக்கலாம், வாரம் மூணு நாளு டாக்டரு வருவாருன்னு அவுககிட்ட ஆசை காட்டுனேன். அந்தப் பதினோரு பேருல முத ஆளு என் வீட்டுக்காரருதான். முழுங்க நினைக்கிறவ அதையா முழுங்குவா?

அது போகட்டும். நீங்க அன்னைக்குப் பேசாததும் போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தப் பழைய நோட்டு.

போன மாசம் என் வீட்டுக்காரர மதுரை ஆஸ்பத்திரில காட்டுனோம். பேச்சு இனி வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாக. இப்ப "ம்" மட்டும்தான். தண்ணி வேணுமா? ம். வலிக்கா? ம். எல்லாத்துக்கும் அந்த ஒரே ம். எப்படிப் பேசுன மனுசன்னு உங்களுக்குத் தெரியும். போட்டோ இருக்கு, ஆனா போட்டோ பேசாது. போன்ல அவுக குரல் ஒண்ணும் பிடிச்சு வைக்கல, கூடவே இருக்கிற மனுசனை யாரு பிடிச்சு வைப்பா? அவுக பேசுனது பேசுன மாதிரியே இருக்கிறது அந்த நோட்டுல மட்டும்தான். ரெண்டரை வருசம் மாசாமாசம் எழுதுனாக. நக்கலு, கோவம் எல்லாம் அதுலதான் இருக்கு. பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டணும்.

எழுதுன பிள்ளைகிட்டயே திருப்பிக் குடுப்பேன்னு சொன்னீகல்ல. குடுங்க. பஸ்ஸுக்காரர்கிட்ட குடுத்தாக் கூட போதும்.

வெங்கடலட்சுமி


அருப்புக்கோட்டை
30.6.2025

அன்புள்ள வெங்கடலட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரமாகிறது. உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். முழங்கால் வலி. கூடவே ஜாபேஸ் சென்னையிலிருந்து வந்திருந்தான். வீடு முழுக்கச் சாமான்.

நோட்டைத் தேடுகிறேன். பீரோவில் பார்த்தேன், பரண்மேல் ஆள் ஏற்றிப் பார்த்தேன். பழைய பாடப்புத்தகங்களுக்கு நடுவே இருக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஒரு செய்தி உண்டு. சங்கருக்கு போன் செய்தேன். அசல் நோட்டு என்று ஒன்று இருந்தது, அது வீடு வீடாகப் போகும் என்று சொன்னேன். அவர், "அம்மா, நாங்க தேடுறதே அந்த மாதிரி நோட்டைத்தான். ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதாத ஒரு சங்கத்தை இதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல. அதை முதல்லயே ஏன் காட்டல? இப்ப கொண்டாங்க, மேல பேசிப் பாக்குறேன்" என்றார்.

தெருவில் மல்லிகை விலை ஏறியிருக்கிறது. தண்ணீர் ஒன்பது நாளுக்கு ஒருமுறை வருகிறது. லிங்கம் தம்பியை விசாரித்ததாகச் சொல்.

ராஜாத்தி டீச்சர்


மல்லாங்கிணறு
7.7.2025

டீச்சருக்கு,

உங்க எழுத்தை இருபத்தெட்டு வருசமா பாக்குறேன். கோடு போடாத தாள்லயும் நேரா எழுதுவீக. "தேடுகிறேன்"னு எழுதுன எடத்துல மட்டும் வரி கீழ எறங்குது.

நீங்க பரண்ல எதையும் போட மாட்டீக. உங்க வீட்டுல ஊசி எங்க இருக்குன்னு எனக்கே தெரியும். நோட்டை என்ன செஞ்சீக?

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுல வாரேன். தெருவுக்குள்ள தலைகுனிஞ்சு நடக்கணும்னாலும் பரவால்ல. நானே தேடிக்கிறேன்.

வெங்கடலட்சுமி


அருப்புக்கோட்டை
9.7.2025

வெங்கடலட்சுமி,

வெள்ளிக்கிழமை வராதே. இங்கே நோட்டு இல்லை.

ஃபேர் நோட்டு எழுதி முடித்த அன்றே பழையதை எடைக்குப் போட்டுவிட்டேன். பழைய செய்தித்தாள்களோடு கட்டிக் கொடுத்தேன். யாரும் தூண்டவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக வருஷக் கடைசியில் செய்த வேலை அது. பிள்ளைகள் ஃபேர் நோட்டைக் காட்டியதும், "இனி எதுக்குடா அந்தக் குப்பை?" என்று ரஃப் நோட்டை வாங்கிப் போட்டுவிடுவேன். கை அதுவாகச் செய்தது. கட்டும்போது மேல் அட்டையில் உன் பேரன் ஒட்டிய பட்டாம்பூச்சியைப் பார்த்தேன். பார்த்தும் முடிச்சுப் போட்டேன். போன கடிதத்தில் தேடுகிறேன் என்று எழுதியது பொய்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே பழைய பேப்பர் கடை இருளப்பசாமியிடம் ஓடினேன். "பிப்ரவரி சரக்கா? அப்பவே லோடு ஏறிப்போச்சு டீச்சர். இந்நேரம் அரைச்சுக் கூழாக்கி அட்டைப்பெட்டி ஆக்கிருப்பாக" என்றார். எந்த மில் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மில்லுக்கும் போன் செய்தேன். போனை எடுத்தவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை. என்ன சொல்வது என்று தெரியாத சிரிப்பு.

அன்று சங்கர் கேட்டபோது ஏன் பேசாமல் இருந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். காப்பியடித்த பிள்ளைகளை வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்தியவள் நான். என்னை ஒருவர் எழுப்பி நிறுத்துவார் என்று நினைத்ததே இல்லை. ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் ஐந்து மாதமாகிவிட்டது.

நேற்று மாலை தறிக் கொட்டகை முன் தெருக்காரர்களை ஒன்றுகூட்டினேன். எழுதியதும் நான், எறிந்ததும் நான், வெங்கடலட்சுமிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று நின்றுகொண்டே சொன்னேன். தேவிபிரியா, "ஒரு வரி பாத்து எழுதுனதுக்கு எங்கண்ணனை முட்டி போட வச்சீகளே டீச்சர்!" என்றாள். சிலர் சிரித்தார்கள். தவசி சிரிக்கவில்லை. "அந்தம்மா குடத்தை எடுத்து வச்சது எம் பொண்டாட்டி. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மல்லாங்கிணறு போவேன்? நீங்க ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லிருக்கலாமுல்ல?" என்றார். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சங்கருக்கும் எழுதியிருக்கிறேன், என் பெயரிட்டு.

ராஜாத்தி


அருப்புக்கோட்டை
4.8.2025

அன்புள்ள வெங்கடலட்சுமிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இருக்காது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

சங்கர் பதில் போட்டிருக்கிறார். உன் பெயர்மேல் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷத் தடையையும் நீக்கிவிட்டார்கள். ஆனால் பதிவு இல்லாத சங்கத்துக்கு உதவி தர விதி இடம் தரவில்லை. மூன்று வருஷம் புதிதாக நடத்திக் காட்டிவிட்டுக் கேட்கலாமாம். அந்தப் பதினோரு பேருக்கு மூன்று வருஷம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உனக்கு இன்னும் தெரியும்.

லிங்கம் தம்பி எழுதியதை நினைவிலிருந்து எழுதி உனக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். முப்பத்தோரு பதிவையும் நான் படித்தேன், என் கையால் பெயர்த்தெழுதினேன். எனக்கு நினைவில் இருக்க வேண்டுமே. இல்லை. கண்ணை மூடினால் நான் திருத்தி எழுதியதுதான் வருகிறது. "தெருவிளக்கு அமைக்க ஒப்புதல்." "சாக்கடை மூடி தொடர்பாக விவாதிக்கப்பட்டது." அதற்கு அடியில் அவர் என்ன எழுதியிருந்தார்? கரும்பலகையைத் துடைத்துவிட்டு அதன்மேல் எழுதினால் பழைய எழுத்து கொஞ்சமாவது தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

அதனால் வீடு வீடாகப் போனேன். அவர் எழுதியதில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். வாசலில் நிற்க வைத்தே சொன்னார்கள். சிலர் உட்காரச் சொன்னார்கள். சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

தவசிக்கு ஞாபகம் இருந்த லிங்கம் தம்பியின் வரி: "சாக்கடைய மூடுனா தவசி வீட்டுக் கொசுவெல்லாம் எங்க போகும்? அதுகளுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுத்துட்டு மூடுங்க."

ராஜ்கமல் சொன்னது: "லைட்டு போடுறது சரி. இருட்டுல என் மூஞ்சி நல்லா இருந்துச்சு, அதுதான் யோசனை."

தேவிபிரியா சொன்னது: "நோட்டு வெறுங்கையோட வருது. அடுத்த மாசம் கூட ரெண்டு முறுக்கு வச்சு அனுப்பலைன்னா கையெழுத்து கிடையாது."

தவசியின் மனைவி கடைசியாக வெளியே வந்து சொன்னது, உன்னைப் பற்றி அவர் எழுதியது: "எல்லாரும் சண்டை போட்டு முடிச்சிட்டு நோட்டை எங்கிட்ட அனுப்புறீக. எம் பொண்டாட்டி முத வீட்டு வரில இருந்தே வாசிச்சுச் சிரிச்சிட்டு இருக்கா, அவ சொல்றதையே என் ஓட்டா எழுதிக்கிருங்க."

மொத்தம் பதினாறு வரி கிடைத்தது. எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இதோடு அனுப்புகிறேன்.

ராஜாத்தி


மல்லாங்கிணறு
20.8.2025

டீச்சருக்கு,

தாளு வந்துச்சு. ரெண்டு நாளு மடிச்சே வச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலைல அவுகளுக்கு முகம் துடைச்சுவிட்டு, தலகாணிய சாச்சு உக்கார வச்சு, வாசிச்சேன்.

கொசு வரி வந்ததும் இடது பக்க வாய் லேசா அசைஞ்சுச்சு. என் தங்கச்சி, "அக்கா, மாமா சிரிக்காக!"ன்னு கத்துனா. எனக்கு உசுரே வந்துச்சு. மறுபடி வாசிச்சேன். இந்தத் தடவை தலைய ஆட்டுனாக. இல்லைங்கிற மாதிரி. கொசு இல்லையான்னு கேட்டேன். ம். கொசுதானா? ம். வேற மாதிரி எழுதுனீகளா? தலைய வேகமா ஆட்டுனாக. ஆமா, அப்படி இல்ல, வேற மாதிரி. எப்படி எழுதுனீக, சொல்லுங்கன்னு கேட்டுட்டேன். கேட்ட பெறகுதான் டீச்சர், என்ன கேட்டுட்டேன்னு உறைச்சுச்சு.

தொண்டைல ஏதோ வருது, வெளிய வரல. கழுத்து நரம்பு புடைக்குது. இடது கையால கட்டில அடிக்காக. அப்புறம் அழுதாக. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல நான் அதைப் பாத்ததில்ல.

முறுக்கு வரி அவுக எழுதுனது இல்ல. ராஜ்கமல் அப்பா எழுதுனது, அது எனக்கே தெரியும். என்னைப் பத்தி எழுதுன வரிய வாசிக்கல. அதுக்கும் தலைய ஆட்டிட்டாகன்னா என்னால தாங்க முடியாது.

தவசி அண்ணனும் அவுக வீட்டம்மாவும் வந்தாக. காப்பி குடுத்து அனுப்புனேன். அவுக மேல எனக்குக் கோவம் இல்ல.

உங்க மேல கோவமான்னு கேப்பீக. கோவம் இருந்தா நல்லா இருக்கும் டீச்சர். எனக்குப் புரியுது, நீங்க கெட்ட எண்ணத்துல செய்யல. நல்லா இருக்கணும்னுதான் செஞ்சீக. அதுதான் யாருகிட்டயும் சொல்லி அழக்கூட முடியல.

இனி வரி எதுவும் அனுப்பாதீக. தெருவுக்கு வரமாட்டேன். தலைவியா வேற யாரையாவது போடுங்க.

வெங்கடலட்சுமி


அருப்புக்கோட்டை
2.9.2025

வெங்கடலட்சுமி,

இனி எந்த வரியும் அனுப்ப மாட்டேன். நான் வைத்திருந்த நகலையும் மறுபடி படிக்கவில்லை. தலைவியாக யாரையும் போடவில்லை. தவசி வீட்டில் புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு அது வரவில்லை. வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

இதைக் கடைசியாக எழுதுகிறேன். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். இடது கையால் கட்டிலை அடித்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்.

நான் மூன்றாம் வகுப்பு நடத்தியபோது நல்லகண்ணு என்றொரு பையன் புளியமரத்திலிருந்து விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டான். மூன்று மாதம் கட்டு. இடது கையில் எழுதச் சொன்னேன். முதல் நாள் தாள் நகர்ந்து நகர்ந்து ஓடியது. அழுதான். மறுநாள் தாளின் நான்கு மூலையிலும் சோற்றுப் பருக்கையை வைத்துப் பலகையில் ஒட்டினேன். கோடு போட்ட தாள் கொடுத்தால் கோட்டுக்குள் நிற்கவில்லை என்று பயப்படுவான் என்பதால் வெள்ளைத் தாள். மெல்லிய பென்சில் விரலில் நிற்காது. துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். எழுத்து வரவில்லை. கிறுக்கல்தான் வந்தது. எந்த எழுத்து என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்தக் காலத்தில் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

லிங்கம் தம்பிக்கு எழுத்து வரும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வந்திருப்பது கை ஒடிவது போன்றதல்ல என்பது எனக்குத் தெரியும். வார்த்தை உள்ளேயே அழிந்துபோயிருந்தால் கை என்ன செய்யும்? உனக்கு ஆசை காட்ட எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அது அப்படி இல்லை, வேறு மாதிரி என்று தலையாட்டத் தெரிகிறவருக்குள் அந்த வேறு மாதிரி இருக்கிறது. அது வெளியே வராமலே போகலாம்.

நாளைக் காலை ஒரு பலகையை அவர் மடிமேல் வை. வெள்ளைத் தாளை நான்கு மூலையிலும் சோறு வைத்து ஒட்டு. துணி சுற்றிய பென்சிலை அவர் இடது கையில் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல், வருகிற எதையும் திருத்தாமல், பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திரு.

ராஜாத்தி